பொய்த் தழும்பும் மெய் வரலாறும்

பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் அமைந்துள்ள பழைய நகரம் பத்து காஜா. ஈயமும் இரப்பரும் வளர்த்த ஊர் இது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் எழுந்த அரசுக் கட்டடங்கள் இன்றும் இங்கே நிற்கின்றன. அவற்றோடு சேர்த்து நினைவுகூரப்படும் இடங்களுள் ஒன்று பத்து காஜா சிறைச்சாலை. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியர் ஆட்சியில், சிபில் கார்த்திகேசு என்னும் தாதி இச்சிறையில் அடைக்கப்பட்டிருந்தார்.

சிபில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்திராவிலுள்ள மேடான் நகரில் பிறந்தவர். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். அவருடைய கணவர் அப்டன் கிளமண்ட் கார்த்திகேசு ஒரு தமிழ் மருத்துவர். இருவரும் ஈப்போவில் மருந்தகம் நடத்திவந்தனர். 1941 டிசம்பரில் ஈப்போவின்மீது குண்டுகள் விழுந்தபோது, குடும்பத்தோடு பத்து காஜாவுக்கு அருகிலுள்ள பாப்பான் என்னும் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தனர். அங்கே நோயாளிகளைக் கவனித்துக்கொண்டே, ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போராடியவர்களுக்கும் இரகசியமாகச் சிகிச்சை அளித்தார் சிபில். தடைசெய்யப்பட்டிருந்த வானொலிப் பெட்டியை மறைத்து வைத்துப் போர்ச் செய்திகளையும் கேட்டுவந்தார்.

1943ஆம் ஆண்டு அவர் கைது செய்யப்பட்டார். கெம்பெய்தாய் எனப்படும் ஜப்பானிய இராணுவப் போலீசார் அவரைக் கடுமையாகச் சித்திரவதை செய்தனர். கரியடுப்பில் காய்ச்சிய இரும்புக் கம்பிகளைக் கால்களிலும் முதுகிலும் வைத்துச் சுட்டதை அவருடைய நினைவுக் குறிப்பு நூல் பதிவு செய்திருக்கிறது. அவருடைய இளைய மகளைக் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டியும் மிரட்டினர். அப்போதும் அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை.

இந்த வரலாற்றைப் பிற்காலத்தில் நாடகமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் உருவாக்கினர். அத்தகைய படைப்பில் நடிக்கும் நடிகையின் முதுகில் தீக்காயத்தைக் காட்ட வேண்டும். உண்மையில் அவருக்குக் காயம் எதுவும் இல்லை. ஆனால், பார்ப்பவர்கள் அதை உண்மையென்று நம்ப வேண்டும். அந்தப் பொறுப்பு சிறப்பு ஒப்பனைக் கலைஞரிடம் ஒப்படைக்கப்படுகிறது.

அழகு ஒப்பனையும் சிறப்பு ஒப்பனையும்

ஒப்பனை என்றதும் முகத்தை அழகுபடுத்துவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். கதைக்குத் தேவையான முதுமை, நோய், காயம், தழும்பு போன்றவற்றை நடிகரின் உடலில் உருவாக்குவதும் ஒப்பனையே. இதனைச் சிறப்பு ஒப்பனை என்பர். அழகு ஒப்பனை குறைகளை மறைக்கும். சிறப்பு ஒப்பனையோ இல்லாத குறையை உண்டாக்கும்.

சிறப்பு ஒப்பனையில் கடினமானவற்றுள் ஒன்று தீக்காயம். வெட்டுக்காயத்தை ஒரு கோடாகவும் சிறிது இரத்தமாகவும் காட்டிவிடலாம். தீக்காயம் அப்படிப்பட்டதன்று. தோலின் நிறம், மென்மை, ஈரம், தடிமன் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் மாறிவிடுகின்றன. மையத்தில் ஒருவிதமாகவும் ஓரத்தில் வேறுவிதமாகவும் தோன்றும். இன்று ஒரு தோற்றம், பத்து நாள் கழித்து வேறொரு தோற்றம். ஆகவே, தூரிகையைக் கையில் எடுப்பதற்கு முன்பு ஒப்பனைக் கலைஞர் மருத்துவ நூல்களைப் படிக்க வேண்டியிருக்கிறது.

தோலைப் படித்தல்

மனிதத் தோலுக்கு மேல்தோல், உள்தோல் என்னும் அடுக்குகள் உண்டு. அவற்றின் கீழே கொழுப்புத் திசு இருக்கிறது. வெப்பம் எந்த அளவு ஆழத்திற்குச் சென்றது என்பதைக் கொண்டே தீக்காயம் வகைப்படுத்தப்படுகிறது.

முதல்நிலைக் காயத்தில் மேல்தோல் மட்டுமே பாதிக்கப்படும். தோல் சிவந்து எரியும், கொப்புளம் தோன்றாது. கடும் வெயிலில் நெடுநேரம் நின்றவரின் தோல் சிவப்பது இவ்வகைதான். இரண்டாம் நிலையில் வெப்பம் உள்தோலையும் தாக்கும். நீர் கோத்த கொப்புளங்கள் எழும். கொப்புளம் உடைந்த இடம் ஈரமாகப் பளபளக்கும்; வலி மிகக் கடுமையாக இருக்கும். மூன்றாம் நிலையில் தோலின் முழு ஆழமும் கருகிவிடும். அந்த இடம் வெளுத்தோ பழுப்பாகவோ கறுத்தோ, பதப்படுத்திய தோலைப் போலத் தடித்துக் காணப்படும்.

இங்கு வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. மூன்றாம் நிலைக் காயத்தின் மையத்தில் வலி தெரிவதில்லை. வலியை உணர்த்தும் நரம்பு முனைகளும் அங்கே அழிந்துபோவதே அதற்குக் காரணம். சுற்றிலும் உள்ள, ஆழம் குறைந்த பகுதிதான் துடிக்க வைக்கும். இதை அறிந்த கலைஞர் அதை நடிகரிடமும் சொல்வார். எங்கே தொட்டால் துடிக்க வேண்டும் என்பதை அறிந்த நடிகரின் நடிப்பில் உண்மை கூடும்.

காயத்திடம் கேட்கும் மூன்று கேள்விகள்

திரைக்கதையைப் படித்ததும் ஒப்பனைக் கலைஞர் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவார்.

முதலாவது, எது சுட்டது? கொதிநீர் பட்டால் காயம் நீர் வழிந்த திசையில் கீழ்நோக்கி இறங்கும்; சுற்றிலும் தெறித்த புள்ளிகள் இருக்கும். தீச்சுவாலை பட்டால் ஓரங்கள் ஒழுங்கின்றிப் பரவியிருக்கும். காய்ந்த கம்பி பட்டால் கம்பியின் வடிவமே தோலில் பதியும். ஓரம் தெளிவாகவும் நடுப்பகுதி ஆழமாகவும் இருக்கும். சிபிலின் கதையில் முதுகு முழுவதையும் சிவப்பாக்கினால் அது பிழையாகிவிடும். நீண்டு ஒடுங்கிய கோடுகளே அங்குப் பொருந்தும்.

இரண்டாவது, சுட்டு எவ்வளவு காலம் ஆயிற்று? முதல் சில நிமிடங்களில் சிவப்பும் வெளுப்பும் தெரியும். சில மணி நேரத்தில் வீக்கமும் கொப்புளமும் எழும். சில நாள்களில் மஞ்சள் படலமும் பொருக்கும் உண்டாகும். வாரங்கள் கடந்தால் இளஞ்சிவப்பான புதுத்தோல் வளரும். மாதங்கள் கடந்தால் இறுகிப் பளபளக்கும் தழும்பு எஞ்சும்.

மூன்றாவது, காயத்திற்கு மருத்துவம் கிடைத்ததா? மருந்தும் தூய துணியும் கிடைத்த காயம் சீராக ஆறும். சிறையில் கவனிப்பாரின்றிக் கிடந்தவரின் காயத்தில் சீழும் அழுக்கும் சேர்ந்திருக்கும். ஒரு கைதி எப்படி நடத்தப்பட்டார் என்பதை வசனமின்றியே அந்தக் காயம் உணர்த்திவிடும்.

தோட்டத்தில் பிறந்த ஒப்பனைப் பொருள்

தீக்காய ஒப்பனைக்குப் பயன்படும் பொருள்களுள் பழமையானதும் விலை மலிவானதும் திரவ இரப்பர். இப்பொருளுக்கும் பேராக் மாநிலத்திற்கும் நெருங்கிய உறவு உண்டு. தென்னமெரிக்காவில் தோன்றிய இரப்பர் மரத்தின் கன்றுகள் சில 1877ஆம் ஆண்டில் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. மலாயாவில் பின்னாளில் தோன்றிய பெருந்தோட்டங்களுக்கு இதுவே முன்னோடி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிந்தா பள்ளத்தாக்கிலும் தோட்டங்கள் பரவின. பத்து காஜாவுக்கு அருகில் கெல்லிஸ் மாளிகையைக் கட்டத் தொடங்கிய வில்லியம் கெல்லி ஸ்மித்தும் ஓர் இரப்பர் தோட்ட முதலாளியே. அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் அழைத்து வரப்பட்டனர்.

அவர்கள் பொழுது விடியும் முன்பே விளக்கை ஏந்தி மரம் சீவப் புறப்பட்டார்கள். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும். பட்டையில் சாய்வாகச் சீவிய கோட்டின் வழியே வெண்மையான பால் மங்கில் சொட்டும். பால் எடுத்தவரின் விரல்களில் சிந்திய துளிகள் காய்ந்து, மெல்லிய தோல்போலப் படிந்துவிடும். அதை இழுத்தால் நீண்டு, பிறகு உரிந்துவரும். தோட்டத்துப் பிள்ளைகள் விளையாட்டாக உரித்தெடுத்த அந்தப் படலம்தான் இன்று ஒப்பனைக் கலைஞரின் கையில் பொய்த்தோலாக மாறுகிறது.

மரத்திலிருந்து எடுக்கும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். காற்றுப்பட்டு நேரமாகிவிட்டால் அது தானாகவே உறைந்து கட்டிப்பாலாகிவிடும். அதைத் தடுக்க அம்மோனியா சேர்க்கிறார்கள். பிறகு வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் இட்டு, நீரில் ஒரு பகுதியைப் பிரித்து, இரப்பரின் அளவை 60 விழுக்காடாக உயர்த்துகிறார்கள். கையுறையும் பலூனும் செய்யப் பயன்படுவது இத்தகைய செறிவூட்டிய பால்தான். அதையே மேலும் பக்குவப்படுத்தி ஒப்பனைக்கும் பயன்படுத்துகின்றனர்.

1939ஆம் ஆண்டு வெளிவந்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில் நுரை இரப்பரால் செய்த முகப்பகுதிகள் பயன்படுத்தப்பட்டன. அக்காலத்தில் உலகச் சந்தைக்குச் சென்ற இயற்கை இரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்தே சென்றது. தோட்டத் தொழிலாளர்கள் மரம் சீவிச் சேர்த்த பால், உலகின் வேறொரு மூலையில் ஒரு புதிய கலை வளரவும் துணைநின்றது.

தழும்பு உருவாகும் விதம்

திரவ இரப்பரைக் கொண்டு தீக்காயம் உருவாக்கும் முறை பல படிகளைக் கொண்டது.

முதலில் நடிகரின் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி இரப்பரைத் தடவி, ஒருநாள் காத்திருப்பார்கள். அரிப்போ தடிப்போ தோன்றினால் அந்தப் பொருளைப் பயன்படுத்தக் கூடாது. இரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறல்கூட ஏற்படலாம். எனவே, இச்சோதனையை எக்காரணத்தைக் கொண்டும் தவிர்க்கக் கூடாது.

அடுத்து, தோலைக் கழுவி நன்றாக உலர்த்துவார்கள். உரோமம் உள்ள இடங்களில் வாசலினை மெல்லியதாகப் பூசுவார்கள். இல்லையெனில், இரப்பரை உரிக்கும்போது உரோமமும் சேர்ந்து வந்துவிடும். பிறகு பஞ்சால் இரப்பரை மெல்லிய படலமாக ஒற்றி எடுப்பார்கள். வெண்மையாக இருக்கும் பால் உலர உலரக் கண்ணாடிபோலத் தெளிவடையும். நிறம் மாறுவதே அது காய்ந்துவிட்டதற்கு அடையாளம். குளிர்ந்த காற்றை வீசும் உலர்த்தியைக் கொண்டு இதனை விரைவுபடுத்தலாம்.

அந்தப் படலத்தின்மேல் மெல்லிய காகிதத் துணுக்குகளை ஒட்டுவார்கள். காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழிக்க வேண்டும். கிழிந்த ஓரம்தான் தோலோடு தோலாகக் கலந்து மறையும். அதன்மேல் மீண்டும் இரப்பர், மீண்டும் காகிதம் என மூன்று நான்கு அடுக்குகள் ஏறும். எல்லாம் காய்ந்த பின், நடுவில் இடுக்கியால் மெதுவாகக் கிழித்து ஓரங்களைச் சுருட்டிவிடுவார்கள். வெந்து உரிந்த மேல்தோல் போன்ற தோற்றம் அப்போது கிடைக்கும். கொப்புளம் வேண்டுமாயின் இரப்பர் படலத்தைச் சிறிது தூக்கி, அதனடியில் காற்று நிற்கும்படி ஓரத்தை ஒட்டிவிடுவார்கள்.

இனி வண்ணத்தின் வேலை தொடங்கும். கிழிந்த பகுதியின் ஆழத்தில் அடர்சிவப்பு, அதைச் சுற்றி இளஞ்சிவப்பு, ஆங்காங்கே மஞ்சள், கருகிய ஓரத்தில் பழுப்பும் கறுப்பும் எனப் பல வண்ணங்கள் சேரும். வண்ணத்தை ஒரே சீராகப் பூசினால் சுவருக்குச் சாயம் அடித்ததுபோலத் தோன்றும். ஆகவே, சொரசொரப்பான பஞ்சால் புள்ளி புள்ளியாக ஒற்றுவார்கள். இறுதியாக, ஈரம் தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் கிளிசரின் தடவுவார்கள். விளக்கொளி பட்டதும் அந்த இடம் பச்சைப்புண்ணாகப் பளபளக்கும்.

மாநிறத் தோலில் தீக்காயம்

ஒப்பனைக் கலையைக் கற்பிக்கும் பழைய மேலைநாட்டு நூல்கள் பலவும் வெண்ணிறத் தோலையே அடிப்படையாகக் கொண்டவை. அவற்றில் தீக்காயம் என்றால் பளிச்சென்ற சிவப்பு. மாநிறமோ கருநிறமோ கொண்ட தமிழ் நடிகரின் உடலில் அந்தச் சிவப்பை அப்படியே பூசினால், மேலே ஒட்டிய சாயமாகத் தனித்துத் தெரியும்.

நிறம் கூடிய தோலில் இலேசான தீக்காயம் கருஞ்சிவப்பாகவோ, சுற்றியுள்ள தோலைவிடக் கருமையாகவோ தோன்றும். தோலுக்கு நிறத்தைத் தரும் மெலனின் மேல்தோலில் இருக்கிறது. மேல்தோல் உரிந்துவிட்டால் உள்ளிருக்கும் இளஞ்சிவப்பு வெளிப்படும். காயம் ஆறிய பின்பும் சில இடம் கறுத்தும் சில இடம் வெளுத்தும் நெடுங்காலம் காணப்படும். ஆகவே, நம் நாட்டுக் கலைஞர்கள் நூலில் உள்ள வண்ண அட்டவணையை மட்டும் நம்பாமல், நம்மவர் தோலில் காயம் எப்படித் தோன்றுகிறது என்பதைத் தாங்களே கவனித்துப் படிக்க வேண்டியுள்ளது.

பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு

இரப்பர் மட்டுமே ஒப்பனைப் பொருளன்று. ஜெலட்டினைக் கிளிசரினோடு கலந்து இளஞ்சூட்டில் உருக்கியும் தீக்காயம் உருவாக்கலாம். வெந்த சதையைப் போன்ற குழைவு அதில் எளிதாகக் கிடைக்கும். ஆனால், கலைஞர் அதன் சூட்டை முதலில் தம் மணிக்கட்டில் தொட்டுப் பார்த்த பிறகே நடிகர்மீது பூச வேண்டும். பொய்க் காயம் செய்யப்போய் மெய்க் காயத்தை உண்டாக்கிவிடக் கூடாது.

ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது. பல இனத்தவரும் சேர்ந்து பணிபுரியும் மலேசியாவில் இதையும் கருத்தில் கொள்ள வேண்டும். பன்றியிலிருந்து எடுத்ததை முஸ்லிம் நடிகர் ஏற்கமாட்டார்; மாட்டிலிருந்து எடுத்ததை இந்து நடிகர் சிலர் விரும்பமாட்டார். எனவே, என்ன பொருளைப் பூசப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லி, இசைவு பெறுவது நல்ல கலைஞரின் பண்பாகும்.

நம் நாட்டின் வெப்பமும் ஒரு சவால். ஜெலட்டின் வெயிலிலும் வியர்வையிலும் இளகிவிடும். நண்பகலில் வெளிப்புறப் படப்பிடிப்பு நடந்தால், காலையில் செய்த காயம் பிற்பகலில் வழிந்துபோகலாம். அத்தகைய இடங்களில் சிலிக்கோன் நன்கு தாக்குப்பிடிக்கும். ஒளி ஊடுருவும் தன்மையிலும் உண்மைத் தோலை ஒத்திருக்கும். அதன் விலையோ அதிகம். திரவ இரப்பரிலிருந்து எழும் அம்மோனியா நெடி கண்ணை எரிக்கும் என்பதால், காற்றோட்டமுள்ள அறையிலேயே அதைப் பயன்படுத்த வேண்டும். கண்ணருகில் பூசுவதைத் தவிர்க்க வேண்டும்.

படப்பிடிப்பு முடிந்ததும் ஒப்பனையைப் பிய்த்தெடுக்கக் கூடாது. எண்ணெயும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு ஓரத்திலிருந்து மெதுவாக இளக்க வேண்டும். பூசுவதற்குக் காட்டிய பொறுமையை அகற்றும்போதும் காட்ட வேண்டும்.

தொடர்ச்சி என்னும் ஒழுங்கு

திரைப்படக் காட்சிகள் கதை நிகழும் வரிசையில் படமாக்கப்படுவதில்லை. காயம் ஆறிய காட்சி இன்றும், காயம் பட்ட காட்சி அடுத்த வாரமும் படமாகலாம். எனவே, ஒவ்வொரு நாளும் ஒப்பனை முடிந்ததும் பல கோணங்களில் நிழற்படம் எடுத்து வைப்பார்கள். காயத்தின் நீளம், இடம், பயன்படுத்திய வண்ணம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார்கள். தோளுக்குக் கீழே இருந்த தழும்பு அடுத்த காட்சியில் இடுப்புக்கு இறங்கிவிட்டால், பார்வையாளரின் மனம் கதையை விட்டு விலகிவிடும். ஒப்பனையில் கற்பனைக்கு எவ்வளவு இடமுண்டோ, கணக்குக்கும் அவ்வளவு இடமுண்டு.

திரைக்கு வெளியே

இக்கலை திரையரங்கோடு முடிந்துவிடுவதில்லை. 1968ஆம் ஆண்டின் 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' திரைப்படத்தில் மனிதக் குரங்கு முகங்களை வடிவமைத்துப் புகழ்பெற்ற ஜான் சேம்பர்ஸ், அதற்கு முன்பு, போரில் காயமுற்ற வீரர்களுக்குச் செயற்கை முக உறுப்புகள் செய்து கொடுத்தவர். இழந்த காதையும் மூக்கையும் மீட்டுத்தரக் கற்ற கைத்திறனே அவரைத் திரையுலகில் உயர்த்தியது.

இன்னொரு பயனும் உண்டு. பள்ளிகளில் முதலுதவி இயக்கங்களில் பயிலும் மாணவர்களும் மருத்துவப் பணியாளர்களும் பயிற்சி பெறும்போது, தன்னார்வலர்களின் உடலில் பொய்க் காயங்கள் உருவாக்கப்படுவது உண்டு. காயத்தை முதன்முறையாகப் பார்ப்பவர் பதறிப்போவது இயல்பு. பொய்க் காயத்தைப் பார்த்துப் பழகியவர் மெய்க் காயத்தின் முன் நிதானம் இழக்கமாட்டார்.

உண்மையில் ஒருவருக்குத் தீக்காயம் ஏற்பட்டால் என்ன செய்ய வேண்டும்? உடனே ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். வீக்கம் எழுவதற்கு முன்பே மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது. பற்பசை, சோயா சாறு, வெண்ணெய், பனிக்கட்டி ஆகியவற்றை வைப்பது காயத்தை மோசமாக்கும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. தூய துணியால் இலேசாக மூடி, மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். காயம் பெரிதாக இருந்தால் 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

எவ்வளவு காட்டலாம்?

காயத்தை உண்மைபோலச் செய்யத் தெரிந்த கலைஞர் முன் இன்னொரு கேள்வி எழுகிறது. அதை எவ்வளவு காட்டலாம்?

தீத்தழும்பு கொண்டவர்களைக் கொடியவர்களாகவோ பேய்களாகவோ காட்டிய திரைப்படங்கள் ஏராளம். அவற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் கடைத்தெருவில் தீத்தழும்புள்ள ஒருவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். விபத்தில் சிக்கி உயிர்பிழைத்தவருக்கு அந்தப் பார்வை இரண்டாவது காயம். அண்மைக் காலத்தில் இந்நிலை மாறத் தொடங்கியுள்ளது. 2019ஆம் ஆண்டு வெளிவந்த 'உயரே' என்னும் மலையாளப் படமும், 2020ஆம் ஆண்டு வெளிவந்த 'சப்பாக்' என்னும் இந்திப் படமும் அமில வீச்சுக்கு ஆளான பெண்களைக் கதைத் தலைவியராகக் கொண்டவை. அவற்றில் தழும்பு அச்சமூட்டும் பொருளாக வரவில்லை. ஒரு பெண் சுமந்துகொண்டே முன்னேறும் வாழ்க்கையின் பகுதியாக வருகிறது.

வரலாற்று மாந்தரைச் சித்திரிக்கும்போது பொறுப்பு இன்னும் கூடுகிறது. 2010ஆம் ஆண்டு சிபில் கார்த்திகேசுவின் வாழ்க்கை 'அப்பா டோசாக்கு' என்னும் தொலைக்காட்சித் தொடராக வெளிவந்தது. அதில் சிபிலாக நடித்த எலேன் டேலி அவருடைய குடும்ப வழியில் வந்த உறவினர். திரையில் தெரியும் காயம் பார்வையாளருக்கு ஒரு காட்சி. அக்குடும்பத்தாருக்கோ தங்கள் வீட்டுப் பெண் பட்ட வேதனை. காயத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் வரலாறு மலிவாகிவிடும். மறைத்துவிட்டால் அவர் தாங்கியது இன்னதென்று இளந்தலைமுறை அறியாமல் போகும். மிகையும் குறையுமின்றிக் காட்டுவதே ஒப்பனைக் கலைஞரின் அறம்.

போர் முடிந்து 1945இல் விடுதலையான சிபில், முதுகெலும்பு பாதிக்கப்பட்ட நிலையில் சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய வீரத்தைப் பாராட்டி ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. 1948ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அங்கேயே காலமானார். அவருடைய உடல் 1949இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய நினைவுக் குறிப்பு நூல் 1954இல் வெளிவந்தது. பாப்பானில் அவர் வாழ்ந்த 74ஆம் எண் கடைவீடு அவர் நினைவைத் தாங்கி நிற்கிறது.

நடிகையின் முதுகில் பூசிய தழும்பு மாலையில் எண்ணெய் பட்டதும் கழன்றுவிடும். சிபில் சுமந்த தழும்புகள் கழலவில்லை. அவர் வாய் திறக்காததால் உயிர்பிழைத்தவர்கள் பலர். அந்த உண்மையை எடுத்துச் சொல்லும்போதுதான், தோட்டத்துப் பாலில் செய்த பொய்த் தழும்புக்கும் பொருள் கிடைக்கிறது.

சொற்பொருள்

மருத்துவச்சி – பேறுகாலம் பார்க்கும் பெண்
மங்கு – இரப்பர் பாலைச் சேர்க்கும் சிறு கிண்ணம்
கட்டிப்பால் – மங்கில் உறைந்து கட்டியான இரப்பர் பால்
பொருக்கு – ஆறிவரும் புண்ணின்மேல் காய்ந்திருக்கும் படலம்
ஒவ்வாமை – ஒரு பொருள் உடலுக்கு ஒத்துக்கொள்ளாத நிலை
இசைவு – சம்மதம்
மிகை – அளவுக்கு மேற்பட்டது

சிந்தித்து விடை எழுதுக

1. அழகு ஒப்பனைக்கும் சிறப்பு ஒப்பனைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. மூன்றாம் நிலைத் தீக்காயத்தின் மையத்தில் வலி தெரியாதது ஏன்?
3. தீக்காயம் உருவாக்கும் முன் ஒப்பனைக் கலைஞர் விடை தேடும் மூன்று கேள்விகளைக் குறிப்பிடுக.
4. காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழிப்பதன் காரணம் என்ன?
5. மலேசியாவில் ஒப்பனைப் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நடிகரின் இசைவைப் பெறுவது ஏன் இன்றியமையாதது?
6. வரலாற்று மாந்தரின் காயங்களைத் திரையில் மிகையாகக் காட்டுவதும் முற்றாக மறைப்பதும் ஏன் தவறாகக் கருதப்படுகின்றன? உம் கருத்தை 80 சொற்களில் எழுதுக.